தொலைக்காட்சிக்கு முன் இனி யார் அமர்வார்?



மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் நாளோடு முற்றாக நிறுத்தப்பட்டது. 1963 டிசம்பர் 28-இல் தொடங்கிய முறை அது. எங்கள் ஆசிரியர் அறையில் அதைப் பற்றி எவரும் பேசியதாக நினைவில்லை.

இலக்கமுறைக்கு மாறியதால் படம் தெளிந்தது. முன்பு ஓர் அலைவரிசைக்குத் தேவைப்பட்ட இடத்தில் இப்போது பல அலைவரிசைகள் அடங்குகின்றன. தொழில்நுட்பத்தார் மகிழத்தக்க செய்திதான். ஆயினும் அதைவிடப் பெரிய மாற்றம் நாம் பார்க்கும் முறையில் நேர்ந்துவிட்டது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் இதை நன்கு உணர்வார்கள். மின்சாரம் எட்டாத லயங்களில் கார் பேட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் உண்டு. தமிழ்ப்படம் வரும் நாளில் அக்கம்பக்கத்தார் அனைவரும் அந்த ஒரு வீட்டில் கூடுவர். திரையின் அடியில் மலாய் வரிகள் ஓடும். வசனத்தில் ஒரு பழமொழி வந்தால் பெரியவர் ஒருவர் அங்கேயே பொருள் சொல்வார். 1996-இல் அஸ்ட்ரோ வந்தபின் தமிழ் நிகழ்ச்சிகள் பெருகின. அப்போதும் பல வீடுகளில் பெட்டி ஒன்றுதான். தொலையியக்கிக்காகச் சண்டை நடக்கும். அந்தச் சண்டையும் தமிழில்தான் நடந்தது!

இன்று சண்டைக்கே வழியில்லை. ஆளுக்கொரு திறன்பேசி, ஒரு காதொலிப்பான். எழுதத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தையும் படத்தைத் தொட்டுத் தொட்டு அடுத்த காணொளிக்குப் போகிறது. எதை முடிவுவரை பார்த்ததோ அதைப் போன்றதையே யூடியூப் மீண்டும் நீட்டுகிறது. ஆங்கிலக் கேலிச்சித்திரத்தில் நிலைத்த குழந்தையிடம் தமிழ்ப்பாட்டைத் தானாகக் கொண்டு வந்து கொடுக்க அதற்கு என்ன காரணம் இருக்கிறது?

இதன் விளைவைக் கேட்டல் பேச்சுப் பாடத்தில் காண்கிறேன். ‘நேற்றுப் பார்த்த நிகழ்ச்சியைக் கூறுக’ என்பது எனக்கு நெடுநாள் பழக்கமான நடவடிக்கை. முன்பெல்லாம் ஒருவன் நாடகக் கதையைத் தொடங்கினால், “இல்லை ஐயா, அவன் பொய் சொல்கிறான், மாமியார்தான் கடிதத்தை ஒளித்து வைத்தார்!” என்று மூவர் எழுவர். மறுத்துப் பேசவும் நிறுவவும் அவர்களுக்குத் தமிழ் தேவைப்பட்டது. இப்போது ஒவ்வொருவரும் வெவ்வேறு நிகழ்ச்சி பார்க்கின்றனர். சொல்பவன் தடுமாறினால் எடுத்துக்கொடுக்க ஆளில்லை. நான்கு வாக்கியத்தில் கதை முடிந்துவிடுகிறது.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் ஒரு தொடரின் வில்லியைப் பற்றி, “அவளுக்கு வாய்க்கொழுப்பு அதிகம், ஐயா” என்றாள். எங்கே கற்றாய் என்றேன். பாட்டியோடு சேர்ந்து பார்ப்பாளாம். அந்தச் சொல் திரையில் வந்ததன்று, பாட்டி வாயிலிருந்து வந்தது.

திறன்பேசியைப் பிடுங்குங்கள் என்று பெற்றோரிடம் நான் கூறுவதில்லை, நடவாத காரியம். இப்போதைய தொலைக்காட்சிகள் பெரும்பாலும் இணையத்தோடு இணைபவை. கையிலுள்ள காணொளியைச் சுவரிலுள்ள பெரிய திரைக்கு அனுப்பலாம். இரவுணவுக்குப் பின் அரைமணி நேரம் போதும். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் அழைத்து உட்கார வையுங்கள். எந்த நிகழ்ச்சி என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை, கேலிச்சித்திரமானாலும் சரி. மறுநாள் காலை வகுப்பில் கதையைக் கேட்டுக்கொள்கிறேன்.