பிணை

2018ஆம் ஆண்டு பொல்பிட்டியவில் எம் மாணவன் ஒருவனின் தாய் இரு விண்ணப்பங்களோடு வந்தார். தையற்கடை வைக்க விரும்பினார். ஒன்று, அரசு வட்டியில் ஒரு பகுதியை ஏற்கும் ‘என்டர்பிரைஸ் ஸ்ரீலங்கா’ கடன். மற்றையது, 1995இல் தொடங்கிய சமுர்த்தித் திட்டத்தின் சிறுகடன். ஐவர் குழுவே பிணை.

வட்டியைக் கணக்கிட்டு முன்னதையே பரிந்துரைத்தோம்.

“பேங்குல காணி உறுதி கேக்குறாங்க, சேர். லயத்துக்கு ஏது உறுதி?”

நாம் நாணினோம். பொல்பிட்டிய நீர் 1969 முதல் நாட்டுக்கு மின்னொளி தருகிறது. இம்மலைக் கொழுந்து அந்நியச் செலாவணி தருகிறது. கொழுந்து கிள்ளியவருக்கோ காலடி மண்ணும் சொந்தமில்லை.

அவர் சமுர்த்தியைத் தேர்ந்தார். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றனர். வறியவருக்கு வறியவரே உறுதிப்பத்திரம்! வட்டிக் குறைப்புச் சலுகை, காணியுரிமையே நீதி.