திரும்பிப் பார்த்தவள்

ஓய்வுநாள் பள்ளிக்குப் பாடம் எடுக்கச் சேர்ந்த புதிதில், பயிற்சி வகுப்பில் எழுதச் சொன்ன நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் பாடம். ஆபிரகாம், விசுவாசம். மோசே, சாந்தம். யோபு, பொறுமை. பேதுரு, கீழ்ப்படிதல். லோத்தின் மனைவி, உலக ஆசை. பார்த்தால் மளிகைக் கடைச் சிட்டை மாதிரியே இருக்கும். அந்தச் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பல வருஷம் கதை சொல்லியிருக்கிறேன்.

பெரிய முதலியார்சாவடியில் எங்கள் வீடு கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கடல் பக்கம். சாலையைத் தாண்டி மேற்கே போனால் ஆரோவில். தெற்கே புதுச்சேரி, வடக்கே ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் மரக்காணம் உப்பளம். வியாழக்கிழமை மாலை எங்கள் திண்ணையில் ஜெபக்கூட்டம் என்று பெயர். ஆனால் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் நெற்றியில் குங்குமத்தோடு வருகிற அக்கம்பக்கத்துப் பெண்கள். மாசிமகத்துக்குக் கடலில் முழுகுகிறவர்கள்தான். கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதை கேட்க வருவார்கள். பாட்டுப் பாடும்போது பேசிக்கொண்டிருப்பார்கள், கதை ஆரம்பித்தால் அடங்கிவிடுவார்கள். ஜெபத்துக்குக் கண்ணை மூடிவிட்டு, 'அப்புறம் அந்த அண்ணன்மாருங்க இன்னா ஆனானுங்க?' என்று யோசேப்பின் கதைக்குத் திரும்புவார்கள். இவர்களிடம்தான் நான் தொழில் கற்றேன். பயிற்சி வகுப்பில் கற்றது கோடு போடுவது மட்டும்.

முதல் அடி பேதுருவிடம் விழுந்தது. 2003 மே மாதம், விடுமுறை வேதாகமப் பள்ளி. பிள்ளைகள் பாயில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபிளானல் பலகையில் படகையும் வலையையும் ஒட்டியாகிவிட்டது. இரவெல்லாம் பாடுபட்டு ஒரு மீனும் கிடைக்காத பேதுரு, இயேசு சொன்னதும் வலையைப் போட்டார், படகு நிறைந்தது. கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம். இந்தக் கதையைச் சொல்வதில் எனக்குத் தனித் தேர்ச்சி உண்டு என்று ஒரு நினைப்பு.

பூவரச மர நிழலில் ஊசியும் நூலுமாக வலை பொத்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தாத்தா தலையைத் தூக்காமல் கேட்டார்: "அலசின வலையா, அலசாத வலையா?"

"அலசிக்கிட்டிருந்தாங்க தாத்தா. அப்பதான் இயேசு வந்தாரு."

"அதை ஏன் புள்ளைங்களுக்குச் சொல்லாம உட்டுட்ட?"

நைலான் வருவதற்கு முந்தைய ஆள் அவர். பருத்தி நூல் வலையை ஒவ்வொரு நாளும் அலசிக் காயப்போடாவிட்டால் மக்கிப்போகும். ராத்திரி முழுக்க வலித்துவிட்டு வந்தவனுக்கு வீட்டுக்குப் போவதற்கு முன்னால் மிச்சமிருக்கிற கடைசி வேலை அந்த அலசல்தான். அதுவும் முடிகிற நேரத்தில் ஒருவர் வந்து, மறுபடி நனை என்கிறார். அதுவும் பட்டப்பகலில். தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்கிவிட்டால் தடித்த நூல் மீனுக்குத் தெரியும், விலகிப் போய்விடும். சொல்கிறவரோ தச்சர். "நானா இருந்தா போயிருக்க மாட்டேன்" என்றார் தாத்தா. கொஞ்ச நேரம் ஊசி ஓட்டிவிட்டு, "ஆனா அவன் போயிருக்கான், பாரு" என்றார்.

கீழ்ப்படிதல் என்ற ஒற்றைச் சொல்லை நான் அதுவரை எவ்வளவு சல்லிசாக விற்றுக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பேதுரு உற்சாகமாகப் போகவில்லை. அலுப்போடு, ஒருவேளை சொன்னவருக்கு மரியாதைக்காக, போனார். அந்த அலுப்பைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஃபிளானல் படம்தான்.

தாத்தாவின் சந்தேகம் அதோடு முடியவில்லை. வலை கிழிந்ததா என்றார். லூக்கா எழுதிய இந்தக் கதையில் கிழிய ஆரம்பித்தது. யோவான் கடைசியில் எழுதுகிற இன்னொரு கதையில், உயிர்த்தெழுந்த பிறகு கரையில் நின்று இயேசு சொன்னபோது, 153 பெரிய மீன் வந்தும் வலை கிழியவில்லை என்றேன். 153 என்ற எண்ணுக்கு உரை எழுதியவர்கள் எத்தனையோ மறைபொருள் சொல்லியிருக்கிறார்கள். தாத்தாவுக்கு அதில் ஒரு புதிரும் இல்லை. "எண்ணித்தானே ஆவணும்? பங்கு பிரிக்க வேணாமா?" என்றார். அன்று இரவு நோட்டில் வலது ஓரமாகப் பென்சிலால் இன்னொரு கோடு போட்டேன். மூன்றாவது பத்தி. அதில் முதலில் எழுதியது: அலசின வலை.

புதுச்சேரியில் இருந்த என் ஆயா கத்தோலிக்கர். அவருக்குப் பேதுரு என்றால் யாரென்றே தெரியாது, இராயப்பர் என்றால் கையெடுத்துக் கும்பிடுவார். பவுல் அவருக்குச் சின்னப்பர், யோவான் அருளப்பர். ஒரே ஆளுக்கு இரண்டு தமிழ்ப் பெயர் இருப்பது சின்ன வயதில் எனக்குக் குழப்பமாக இருந்தது. இப்போது அது பிடித்திருக்கிறது. இராயப்பர் என்று சொல்லும்போது ஏதோ தெருக்கோடியில் இருக்கிற பெரியவரைச் சொல்வது போல இருக்கிறது. சில கூட்டங்களில் வேண்டுமென்றே அந்தப் பெயரையே சொல்லிவிடுவேன். எங்கள் சபைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பென்சில் கோடு போட்ட மறு ஆண்டு சுனாமி. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்கு நடந்ததை நான் எழுதப்போவதில்லை. நான் செய்ததை மட்டும் எழுதுகிறேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து வந்து முகாமில் இருந்தவர்களைப் பார்க்கப் போனேன். பையில் நோட்டு இருந்தது. யோபு, பொறுமை. ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: யோபுவும் ஒரே நாளில் பத்துப் பிள்ளைகளையும் இழந்தார், ஆனாலும் கடவுளைத் தூஷிக்கவில்லை, கடைசியில் ஆடு மாடெல்லாம் இரண்டு மடங்காகக் கிடைத்தது, பிள்ளைகளும் பத்துப் பேர் கிடைத்தார்கள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அதே புள்ளைங்களா?"

நான் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோபுவின் புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். அதுவரை இரண்டு அதிகாரம் படித்துவிட்டு நாற்பத்திரண்டாவதற்குத் தாவுகிறவள் நான். இடையில் யோபு பொறுமையாகவே இல்லை. பிறந்த நாளைச் சபிக்கிறார், வழக்காடுகிறார், கடவுளைக் கூண்டில் ஏற்றக் கூப்பிடுகிறார். பொறுமையாகப் பேசுகிறவர்கள் அவருடைய நண்பர்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். வந்ததும் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள், எல்லாம் கெட்டது. முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது இந்த மூன்று பேரிடம்தான். யோபு பேசியது சரி, நீங்கள் பேசியது சரியில்லை என்கிறார். முகாமில் நான் யாராகப் போய் உட்கார்ந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எலிப்பாஸாவது ஏழு நாள் பொறுத்தான்.

மூன்றாவது பத்தியில், யோபுவுக்கு நேராக, அந்தப் பெண் கேட்ட இரண்டு சொல்லையும் எழுதினேன். பொறுமை என்பதை அடிக்கவில்லை. அது புதிய ஏற்பாட்டில் யாக்கோபு சொன்ன சொல், நான் யார் அடிக்க?

வீடு கட்டின இருவர் கதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணல்மேல் கட்டியவன் புத்தியில்லாதவன், பாறைமேல் கட்டியவன் புத்திசாலி. இதை இந்தக் கரையில் சொல்லிப் பாருங்கள். இங்கே ஆண்டின் பெரும்பகுதி கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டினார்கள். மணல் கல்லுக்குத் தெற்கே தங்கிவிட்டது, வடக்கே கரை அரித்தது. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொரு குப்பமாக வீட்டுக்கும் தென்னைக்கும் கடல் வந்தது. "எங்க மணலு கெட்டியாத்தான் இருந்துச்சி, கல்லு போட்டவன்தான் கெடுத்தான்" என்று ஒரு பெண் சொன்னபோது கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த உவமையை இங்கே யாரையும் புத்தியில்லாதவன் என்று சொல்லாமல் எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

லோத்தின் மனைவியிடம் வருகிறேன். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்தது. அதற்கடுத்த கோடையில் ஒரு வியாழக்கிழமை. பிரசங்க மேடைகளுக்கு மிகவும் பிடித்த கதை இது. ஊர் எரிகிறது, திரும்பிப் பார்க்காதே என்று கட்டளை, அவள் திரும்பிப் பார்த்தாள், உப்புத்தூண் ஆனாள். நகை மேல் ஆசை, வீடு மேல் ஆசை என்று பேசுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

கூட்டத்தில் மரக்காணத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட அக்கா ஒருவர் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் உப்பளத்தில் வேலை. சின்ன வயதில் பாத்தி மிதித்து, பிறகு உப்பு சுமந்தவர். வெள்ளை வெயிலைப் பார்த்துப் பார்த்தோ என்னவோ, எப்போதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே பேசுவார்.

"உப்பு தூணா நிக்காது டீச்சரம்மா. ஒரு மழைக்குத் தாங்காது."

அந்த ஊரில் மழை குறைவு, சாக்கடல் பக்கம் வருஷம் முழுக்கப் பெய்தாலும் பத்து சென்டிமீட்டர் தேறாது என்றேன். நம் கடலைப் போல ஒன்பது பத்து மடங்கு உப்பு அந்தத் தண்ணீரில் என்றும் சொன்னேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "பாத்திக்கு வந்துட்ட தண்ணி" என்றார். பத்துக் குடம் கடல் தண்ணீரை வெயில் ஒரு குடமாக்கினால்தான் உப்பு பூக்கத் தொடங்கும். இன்னும் வற்றவிட்டால் கசப்பு இறங்கிவிடும், அதற்குமுன் வாரிவிட்டு மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். சாக்கடல் தண்ணீர் கசக்கும் என்று நான் படித்ததற்குக் காரணத்தை அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பிறகு கேட்டார்: "அவ பேரு இன்னா?"

பெயர் எழுதவில்லை என்றேன்.

"யாரு யாரு கூட ஓடினாங்க?"

புருஷன், இரண்டு மகள்கள். மகள்களைக் கட்டிக்கொள்ள இருந்த பையன்களையும் லோத்து கூப்பிட்டார், அவர்கள் அவர் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து ஊரிலேயே இருந்துவிட்டார்கள். இதை நான் அதுவரை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. நோட்டில் எழுத இடமில்லாத விஷயம்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் இல்லை, எல்லோரிடமும் சொன்னார்: "சுனாமி அன்னிக்கு நானும் ஓடினேன். பின்னால வராங்கன்னு நெனச்சிக்கினு ஓடறேன். சாவடி கிட்ட வந்து திரும்பிப் பாத்தேன். சின்னவன் இல்ல. திரும்பிப் பாக்கலன்னா அவன் எனக்கு இல்ல."

அந்தச் சின்னவன் அப்போது திண்ணைக்கு வெளியே சைக்கிளில் காலை ஊன்றி, அம்மா எப்போது வருவார் என்று நின்றுகொண்டிருந்தான்.

நான் அந்தக் கதையை அங்கேயே விட்டுவிட்டேன். விளக்கம் சொல்ல வாயெடுக்கவில்லை. எலிப்பாஸ் அதற்குள் எனக்குக் கொஞ்சம் பயம் காட்டியிருந்தான். பின்னாளில் லூக்காவில் இயேசு அவளைப் பற்றிச் சொல்வதைப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எச்சரிக்கைக்காகத்தான் சொல்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவளை ஏசச் சொல்லவில்லை, நினைத்துக்கொள்ளச் சொல்கிறார். நான் அத்தனை வருஷம் செய்தது முதலாவது. பாடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாடமில்லாமல் கதை சொன்னால் இந்தப் பெண்களே விடமாட்டார்கள், 'அதனால இன்னா?' என்று கேட்பார்கள். ஆனால் உப்பு பூப்பதற்கு முன்னால் வாரினால் பலகையில் வருவது சேறுதான்.

கதையில் இல்லாததைச் சேர்த்து எதிர்த்திசையிலும் ஆள் தவறலாம். சுவிசேஷங்களில் யோசேப்பு, மரியாளின் கணவர், ஒரு வார்த்தைகூடப் பேசுவதாக எழுதப்படவில்லை. எழுகிறார், போகிறார், அவ்வளவுதான். அந்தப் பேசாத மனிதரைத் தலைவராக வைத்து வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணியை முடித்தார். 36 படலம், 3615 பாட்டு. அவருக்கு வளன் என்று அழகான பெயரும் வைத்தார். மௌனத்தை நிரப்புவது காவியம் பாடுகிறவருக்கு உரிமை. வியாழக்கிழமை அரைமணி நேரம் பேசுகிறவளுக்கு அந்த உரிமை கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மரக்காணத்தில் உப்பளமெல்லாம் ஏரியாகிவிட்டது என்று அக்காவின் தம்பி போனில் சொன்னாராம். தண்ணீர் வடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். நோட்டை எடுத்துப் போகவில்லை. நனைந்த பாயைக் கொடியில் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் வெகுநேரம் பேசவில்லை. சின்னவனின் பெண்குழந்தை எங்கள் மடிக்கு நடுவே தவழ்ந்துகொண்டிருந்தது. டீ வந்தது. குடித்து முடிக்கிற நேரத்தில் அவர்தான் கேட்டார்.

"இந்த வியாழக்கெழம இன்னா கதை டீச்சரம்மா?"

"லோத்து மனைவி சொல்லலாமான்னு பாக்குறேன் அக்கா."

"அவ பேரு கெடச்சிதா?"

"இல்ல."

"கெடைக்கலன்னா உடு," என்றபடி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "நான் ஒண்ணு வெச்சிருக்கேன். அன்னிக்கு வந்து சொல்றேன்."