மல் துணின்னா என்ன துணி, சார்?

போன கார்த்திகையில் எங்கள் வட்டாரத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் பருத்தி விவசாயிகளுக்குப் பயிற்சி வைத்திருந்தோம். கோயில் முன்னால் வேப்பமரத்தடி. முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போன வேப்பங்கொட்டைக் கரைசல் பாடத்தைத்தான் அன்றும் நடத்திக்கொண்டிருந்தேன். '5 கிலோ வேப்பம்பருப்பை இடிச்சு, 10 லிட்டர் தண்ணியில ராத்திரி முழுக்க ஊறவச்சு, காலையில மல் துணியில ரெண்டு தடவை வடிகட்டி, 100 லிட்டராக்கி, காதி சோப்பைக் கரைச்சு ஊத்தி...'

இரண்டாவது வரிசையில் இருந்த ஓர் அம்மா கையைத் தூக்கினார். "சார், மல் துணி மல் துணின்னு சொல்றீகளே, அது என்ன துணி?"

ஆம்பிளைகள் சிரித்தார்கள். "தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் ஒரு பெரியவர் மட்டும், "அந்தக் காலத்துல மல் வேட்டின்னு கட்டுவாக" என்றார்.

அந்த அம்மா விடவில்லை. "மெல்லிசுத் துணிதானேன்னு என் பழைய சேலையில வடிச்சேன் சார். சாறு லேசுல இறங்கல. அப்புறம் கொசுவலையில வடிச்சேன். அடிக்கையில நாசில் அடைச்சுக்கிச்சு. அவுக கழட்டி வாயில வச்சு ஊதி ஊதித்தான் அடிச்சு முடிச்சாக."

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டுப் பிரசுரத்தில் நாம் போகிற போக்கில் எழுதிவிடுகிற ஒரு வார்த்தை, ஊருக்குள் போய் என்னவாகிறது பாருங்கள். அன்றைக்கு அவருக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

வடக்கே மல்மல் என்று சொல்லும் துணியின் பெயரைச் சுருக்கித்தான் மல் என்கிறோம். ஊடும் பாவும் ஒன்று மாற்றி ஒன்று போகிற சாதாரண நெசவுதான். ஆனால், நூல் மெல்லிசு, நெசவு நெருக்கம் இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் கை தெரியும். நூல் எவ்வளவு மெல்லிசு என்பதை நம்பரால் சொல்வார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் எத்தனை தேறுகிறதோ, அதுதான் நம்பர். 20-ஆம் நம்பர் முரடு. 80, 100 என்று ஏற ஏற நூல் மெலியும்.

எங்கள் கரிசலின் கருங்கண்ணிப் பருத்தி குட்டை இழை. மில்லில் அதை அவ்வளவு மெல்லிசாக இழுக்க முடியாது. முரட்டுத் துணிகளுக்குத்தான் போகும். மல்லுக்கு எம்.சி.யு.5, சுவின் மாதிரி நீள இழை வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகமே கொண்டாடிய டாக்கா மஸ்லினுக்கு நூல் கொடுத்த பருத்தியும் கருங்கண்ணியும் ஒரே இனம். அங்கே அதை மில்லில் இழுக்கவில்லை. காற்றில் ஈரம் இருக்கிற நேரம் பார்த்துக் கையால் நூற்றார்கள்.

எங்கள் வீட்டில் மல் என்ற பேச்சே கிடையாது. அப்பாவின் பழைய வேட்டிதான் எல்லாம். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டிக்கும் மல்லுக்கும் வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்பா கட்டி ஓய்ந்த பிறகு அந்த வேட்டி அம்மா கைக்கு வரும். நாலாகக் கிழிப்பார். ஒரு துண்டு இட்லித் தட்டுக்கு. ஒரு துண்டு ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்ட. கிழியாத பெரிய பாகத்தில் கூழ்வத்தல் ஊற்றுவார். காய்ந்ததும் துணியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தால் வத்தல் தானாகக் கழன்று வரும். பயறு முளைகட்ட அதுதான், காய்ச்சலுக்கு நெற்றியில் போட அதுதான், என் தங்கை பிறந்தபோது முதலில் சுற்றியதும் அதுதான். கடைசியில் எதற்கும் ஆகாத கந்தல் விளக்குத் திரியாகிப் போகும்.

இத்தனை வேலைக்கும் காரணம் ஒன்றே ஒன்று. பருத்தி தண்ணீரைக் குடிக்கும். சும்மா கொடியில் கிடக்கும்போதே, காற்றிலிருந்து தன் எடையில் நூற்றுக்கு எட்டு பங்குக்கு மேல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரைப் பங்குகூட இழுக்காது. பருத்தி வேர்வையை வாங்கிக் காற்றில் விடும். பாலியஸ்டர் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். அந்த அம்மாவின் சேலையில் சாறு தேங்கி நின்றதற்கும் இதில் பங்கு உண்டு.

கடையில் 'காட்டன்' என்று சொன்னால் நம்பி வாங்கிவிடாதீர்கள். ஓரத்தில் இரண்டு நூலை உருவி, தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். காகிதம் எரிகிற வாடை வந்து, தொட்டால் உதிர்கிற சாம்பல் ஆனால் பருத்தி. உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர். இரண்டும் சேர்ந்தால் கலப்பு. மல் கிடைக்காவிட்டால் காடாத் துணி வாங்கலாம். ஆனால், புதுக் காடாவில் தறியில் போட்ட கஞ்சியும் பஞ்சின் இயற்கை மெழுகும் இருக்கும். தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடும். சலவைச் சோடா போட்டு ஒரு கொதி கொதிக்கவைத்து அலசினால் வழிக்கு வரும். மருந்துக்கடைக் கட்டுத்துணியும் பருத்திதான். எங்கள் விருதுநகர் மாவட்டத்துச் சத்திரப்பட்டிப் பக்கம் தறி தறியாக நெய்கிறார்கள். கண் பெரிதாக இருக்கும் என்பதால் அதை நாலு மடிப்பாகப் போட வேண்டும்.

இனி, அன்று மரத்தடியில் நான் முழுதாகச் சொல்லாமல் விட்டது.

1998-ல் நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பருத்தியில் பச்சைக் காய்ப்புழு ஆடிக்கொண்டிருந்த நேரம். மோனோகுரோட்டோபாஸ் வாசம் இல்லாத காடு கிடையாது. பயிற்சியில் நான், "மூக்கையும் வாயையும் துண்டால கட்டிக்கிட்டு அடிங்க" என்று சொன்னேன். புத்தகத்தில் படித்ததையும் ஊரில் பார்த்ததையும் சேர்த்து, என் வாய்க்கு வந்த பாதுகாப்பு அவ்வளவுதான். கேட்டவர்களில் ஒருவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தமில்லை, பழக்கம். அவர் தோளில் கிடந்த மெல்லிய துண்டை எடுத்து முகத்தில் சுற்றிக்கொண்டு, மறுநாள் காலையிலிருந்து வெயில் ஏறும்வரை மருந்தடித்தார். எதிர்க்காற்று. துண்டு நனைந்தது. வேர்வை என்று நினைத்து அதிலேயே முகத்தையும் கழுத்தையும் துடைத்திருக்கிறார்.

மத்தியானம் அவரை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். வாயில் எச்சில் ஒழுகுகிறது, வாந்தி, சட்டையெல்லாம் வேர்வை. கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஊசி போட்டுப் போட்டு ஆறு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது அத்தை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "நீங்க சொன்ன மாதிரி துணி கட்டித்தானே தம்பி அடிச்சாரு" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. மூட்டையில் வைத்திருந்த துணிகளில் அந்தத் துண்டும் இருந்தது. அத்தை அதை அலசி, அவருக்குத் தலைக்கு அணையாக வைக்க எடுத்துக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டேன், அதை மட்டும் செய்தேன்.

தண்ணீரைக் குடிக்கிற துணி மருந்தையும் குடிக்கும். குடித்ததை முகத்தோடு ஒட்டிவைத்து, மணிக்கணக்கில் தோலுக்குள்ளும் மூச்சுக்குள்ளும் இறக்கும். கதிரடிக்கும்போது தூசிக்குத் துண்டு கட்டுங்கள், நல்லது. மருந்துக்குத் துண்டு முகமூடி ஆகாது. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் பக்கம் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் செத்தார்களே, அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மாமாவின் துண்டுதான் ஞாபகம் வந்தது.

ஆகவே இப்போது நான் சொல்வது வேறு. டப்பாவில் முக்கோணம் சிவப்பா, மஞ்சளா என்று முதலில் பாருங்கள். அந்த இரண்டும் கொடிய விஷம். வேறு மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். லேபிளில் சொன்ன முகமூடியும் கையுறையும் இல்லாமல் டேங்கைத் தூக்காதீர்கள். கடையில் மருந்தோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். காற்று போகிற பக்கம் பார்த்து நடங்கள். துணி நனைந்தால் அந்த நிமிஷமே கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். மருந்தடித்த துணியை வீட்டுத் துணியோடு ஊறவைக்கக் கூடாது. அந்தத் துண்டு திரும்பத் தோளுக்கு வரவே கூடாது. தலை சுற்றல், வாந்தி, கண் மங்கல் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

நாசில் விஷயம் இன்னும் சுலபம். டேங்கில் ஊற்றும் தண்ணீரை இரண்டு மடிப்புப் பருத்தித் துணியில் வடிகட்டி, அதற்குப் பிறகு மருந்தைக் கலந்தால் அடைப்பு பெரும்பாலும் வராது. வந்தால் கழற்றித் தண்ணீரில் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வாய் வைத்து ஊதுவது வேப்பங்கொட்டைச் சாறாக இருந்தாலும் வேண்டாம். இன்றைக்குச் சாறு, நாளைக்கு அதே டேங்கில் வேறு மருந்து.

இவ்வளவையும் அந்த அம்மாவுக்கு மறுவாரம் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். வீட்டுக்காரரும் உட்கார்ந்து கேட்டார். மாமனாரின் பழைய வேட்டி ஒன்றை எடுத்துவந்து, "இது மல்லா சார்?" என்றார் அந்த அம்மா. நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தோம். சாம்பல் உதிர்ந்தது.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. சாறு நன்றாக இறங்கியதாம், நாசில் ஒரு தடவைகூட அடைக்கவில்லையாம். ஆனால் முறுக்கிப் பிழியும்போது துணி நடுவில் கிழிந்துவிட்டது, புதுசு வாங்கணுமா என்று கேட்டார். வேண்டாம், நைந்த துணியை முறுக்கக் கூடாது. மூட்டையாகக் கட்டி, வாளிக்கு மேலே கம்பில் தொங்கவிட்டால் தானாக வடியும் என்று சொன்னேன்.