தேயுமா, தேயாதா?

நல்ல பொருளை உபயோகிக்காமல் வைத்திருந்தால் அது நெடுநாள் நிலைக்கும் என்பது நம் இல்லங்களில் வேரூன்றிவிட்ட அபிப்பிராயம். பட்டுப் புடவை பெட்டியிலே இருக்கும். வெள்ளிக் கிண்ணம் அலமாரியிலே இருக்கும். இந்த நியாயம் குறுந்தட்டு என்று வழங்கும் ஸி.டி.க்கும் பொருந்துமா? திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டால் அது தேயுமா, தேயாதா?

தேயும் என்று அஞ்சுகிறவர்களை நான் பரிகசிக்க மாட்டேன். அவர்களுடைய பயம் பரம்பரையாக வந்தது. பழைய கிராமபோன் தட்டு அரக்குக் கலவையால் ஆனது. நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் அந்தத் தட்டின் வரிப்பள்ளத்தில் எஃகு ஊசி உராய்ந்து கொண்டே செல்லும். அந்த உராய்விலேதான் ஓசை பிறந்தது. அதே உராய்வினால் தட்டும் ஊசியும் தேய்ந்தன. எந்தப் பாட்டு வீட்டாருக்கு மிகவும் பிரியமோ, அந்தப் பாட்டுத்தான் முதலில் கரகரத்தது. பின்னால் வந்த ஒலிநாடாவும் இயந்திரத்தின் மீது உராய்ந்தே பாடிற்று.

1982-ம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு வேறு இனத்தைச் சேர்ந்தது. 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பிளாஸ்டிக் வட்டம். அதன் மேற்புறத்தில் அலுமினியப் பூச்சு. அதற்கும் மேலே மெல்லிய வார்னிஷ். கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் சுருள் பாதையாக அதில் பதிந்திருக்கின்றன. சுருளைப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்குக் குறையாது! இந்தக் குழிகளைப் படிப்பது ஊசியன்று. லேசர் என்னும் ஒளிக்கதிர். 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக்கை ஊடுருவிச் சென்று, உலோகத்தில் பட்டுத் திரும்புகிறது. தொடுவதுமில்லை, உராய்வதுமில்லை. புத்தகத்தைக் கண்ணால் படிப்பதனால் எழுத்துத் தேய்வதுண்டோ?

சிறு கீறல்களுக்கும் பரிகாரம் உண்டு. ரீட், ஸாலமன் என்ற இரண்டு அமெரிக்கக் கணித அறிஞர்கள் 1960-ல் வெளியிட்ட பிழைதிருத்தும் முறை இதில் கையாளப்படுகிறது. மாணவன் எழுதிய வாக்கியத்தில் ஓர் எழுத்து விட்டுப் போனாலும், முன்பின் எழுத்துக்களைக் கொண்டு உபாத்தியாயர் நிரப்பிக் கொள்வதில்லையா? அதைப் போலத்தான்.

அப்படியானால் குறுந்தட்டுச் சிரஞ்சீவியா? அதுவும் இல்லை. சென்ற வருஷம் என் சிற்றன்னை வீட்டுக்குப் போயிருந்தேன். சிற்றப்பா நன்றாகப் பாடுவார். 2005-ல் வீட்டுப் பஜனையில் அவர் பாடியதை யாரோ ஒரு தட்டில் பதிந்து கொடுத்திருந்தார்கள். 2011-ல் அவர் காலமானார். அவருடைய படத்துக்குப் பக்கத்திலே, மேற்கு ஜன்னல் ஓரமாக, கண்ணாடி போன்ற பெட்டியில் அந்தத் தட்டு இருந்தது.

"இதைப் போட்டுக் கேட்பதுண்டா, சித்தி?" என்றேன்.

"வருஷத்துக்கு ஒரு தரம், அவர் திதியன்று கேட்பேனப்பா. அடிக்கடி போட்டால் தேய்ந்து போய்விடுமே! அப்புறம் அந்தக் குரலுக்கு நான் எங்கே போவேன்?" என்றாள்.

எனக்கு நெஞ்சை அடைத்தது. கேட்க ஆசை இருந்தும் கேட்காமலே எத்தனை மாலைகள் கழித்திருப்பாள்! ஆனால் என் கவலை ஜன்னலைப் பற்றியது. ஆலையில் அச்சாகும் தட்டில் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்படுகின்றன. வீட்டில் பதியும் தட்டிலோ ஒரு சாயப் பூச்சில்தான் பாட்டு எழுதப்படுகிறது. படிக்கும் லேசர் அந்தச் சாயத்தைக் கெடுக்காத அளவு மெல்லியது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அப்படியல்ல. தட்டு சும்மா இருக்கும்போதே அவை சாயத்தை அரித்துவிடும்.

அச்சுத் தட்டுக்கும் கண்டம் உண்டு. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் நகரத்து ஆலையில் 1988-க்குப் பிறகு சில ஆண்டுகள் செய்த தட்டுக்கள் பல, ஒரு கீறலும் இன்றியே பழுப்பேறிக் கெட்டன. மேற்பூச்சின் குறையினால் உலோகம் துருவேறியதே காரணம். பெயர் அச்சிட்ட மேற்புறந்தான் தட்டின் மர்மஸ்தானம் என்பதை அநேகர் அறியார். அடிப்புறத்தைப் பட்டுப் போல் துடைத்துவிட்டு, மேற்புறத்தில் கூர்ப்பேனாவினால் எழுதுகிறார்கள்! துடைப்பதிலும் முறை உண்டு: நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தால் கீறல் பாதையின் வழியே ஓடி, பிழைதிருத்தியையும் திணற அடிக்கும்.

சித்தியின் தட்டை அன்றே போட்டோம். இரண்டு இடத்தில் குரல் தடுக்கிற்று, மற்றபடி பிழையில்லை. கம்ப்யூட்டரில் பிரதி எடுத்து, அவளுடைய பிள்ளைகள் இருவருக்கும் ஒவ்வொன்று கொடுத்தேன். இப்பொழுது சித்தி தினந்தோறும் விளக்கேற்றியதும் கேட்கிறாள்.

நம் முன்னோர் ஓலைச்சுவடி நைந்து போகுமுன்பே புதிய ஓலையில் பிரதி எழுதி வைத்தார்கள். பரணில் பத்திரமாகக் கிடந்த ஏடுகள் பல செல்லுக்கு இரையாயின. படித்துப் பிரதி செய்யப்பட்ட நூல்களே தலைமுறை தாண்டி வந்தன. உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு தட்டு இருக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துப் போட்டுக் கேளுங்கள். பாடினால் உடனே ஒரு பிரதி எடுங்கள்; பிறகு மனம் கொண்ட மட்டும் கேளுங்கள்.