வெற்றிப் பாட்டில் வராதவர்கள்



முப்பத்திரண்டு வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்த பழக்கம், ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இப்போது படித்துக்கொண்டிருப்பது 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தெருப்பாட்டுகள் பற்றி.

ஒற்றைத் தாள். மேலே மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம், கீழே பாட்டு. விலை அரை பென்னி, ஒரு பென்னி. விற்பவரே தெருமுனையில் நின்று பாடுவார். பெரும்பாலும் புது மெட்டு கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த பழைய மெட்டின் பெயரைத் தலைப்புக்குக் கீழே போட்டுவிடுவார்கள். படமும் அப்படித்தான். எந்தச் சண்டையானாலும் கைவசம் இருக்கும் கப்பல் படத்தையே திரும்பத் திரும்ப அச்சடிப்பார்கள். எழுத்தறியாதவர்களுக்கும் கடற்போர்ச் செய்தி இப்படிப் போய்ச் சேர்ந்தது.

1739 நவம்பரில் அட்மிரல் வெர்னன் ஆறே கப்பல்களுடன் போய் ஸ்பெயின்காரர்களின் போர்ட்டோ பெல்லோ துறைமுகத்தைப் பிடித்தார். இன்று அந்த ஊர் பனாமா நாட்டில் இருக்கிறது. செய்தி லண்டனுக்கு எட்டியதும் பாட்டு, பதக்கம் என்று ஒரே கொண்டாட்டம். அதன் நடுவே ரிச்சர்ட் குளோவர் என்பவர் வேறு மாதிரி ஒரு பாட்டு எழுதினார். அதில் வெர்னன் முன்னால் வந்து நிற்பது ஹோசியர் என்ற அட்மிரலின் ஆவி!

1726-இல் அதே துறைமுகத்தை முற்றுகையிடப் போனவர் ஹோசியர். ஊரைத் தாக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. சும்மா காத்துக் கிடந்த கப்பல்களில் மஞ்சள் காய்ச்சல் புகுந்தது. 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். மறு வருஷம் ஹோசியரும் போய்விட்டார்.

குளோவர் அன்றைய பிரதமர் வால்போலுக்கு எதிரணி. அரசைக் குத்திக்காட்டத்தான் எழுதினார். ஆனாலும், சண்டையே போடாமல் செத்தவர்களுக்கு ஒரு பாட்டு கிடைத்தது.

1741-இல் வெர்னன் கார்த்தகேனாவைத் தாக்கினார். வெற்றி வரும் முன்பே இங்கிலாந்தில் வெற்றிப் பதக்கம் அடித்துவிட்டார்கள். கிடைத்தது தோல்வி. அங்கேயும் காய்ச்சல் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது.

என் அண்ணன் கடற்படையில் இருந்தவர். லீவில் வந்தால் தெருவே கூடி, "சண்டை எப்படி இருந்தது?" என்று கேட்கும். அவர் சிரித்து மழுப்பிவிடுவார். ராத்திரி மொட்டைமாடியில் என்னிடம் மட்டும், காய்ச்சலில் போன ஒரு சிநேகிதனைப் பற்றிப் பேசுவார். அவன் எப்படிச் சிரிப்பான், எந்தப் பாட்டை முணுமுணுப்பான் என்று. அண்ணனும் இப்போது இல்லை. அந்தச் சிநேகிதனின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பவன் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். போன வாரம் பேரனை உட்காரவைத்து அவனுக்கும் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் பட்டாளத்திலோ கப்பலிலோ இருந்த பெரியவர்கள் இருப்பார்கள். ஜெயித்த கதையைக் கேட்டிருப்பீர்கள். கூட இருந்தவர்களைப் பற்றியும் ஒருமுறை கேட்டு வையுங்கள்.