செவிலிமேட்டுச் செய்திகள்

காலை ஆறு மணிக்குச் செவிலிமேட்டுத் தேநீர்க் கடையில் செய்தித்தாள் வந்து விழுந்த மறுகணமே அதன் தாள்கள் பிரிந்து ஆளுக்கொன்றாய்ப் போய்விடும். முதற்பக்கம் அரசியல் பேசுவோருக்கு. விளையாட்டுப் பக்கம் இளைஞருக்கு. மாவட்டச் செய்திப் பக்கம் பெரும்பாலும் நம் கைக்கு வந்து சேரும், அதற்குப் போட்டியில்லை. தமிழ் கற்பிக்கும் தொழிலால் வந்த பழக்கம், முதலில் ஒற்று மிகாத இடங்களை மனத்துக்குள் திருத்துவோம். பிறகு நம் ஊர்ப்பெயரைத் தேடுவோம். பிழை நாள்தோறும் கிடைக்கும். ஊர்ப்பெயர் எப்போதாவது கிடைக்கும்.

கிடைத்தால், அது பாலாற்றுப் பாலத்தை முன்னிட்டதாக இருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் சாலை நம் ஊரில்தான் ஆற்றைக் கடக்கிறது. இல்லையேல் நிருவாக மாற்றமாக இருக்கும். 2011-இல் பேரூராட்சி என்ற தகுதியை விட்டுக் காஞ்சிபுரம் நகராட்சியோடு இணைந்தோம்; 2021-இல் அந்நகராட்சி மாநகராட்சியாயிற்று. இருந்த இடத்தில் இருந்தபடியே பத்தாண்டுக்குள் பேரூரார், நகரத்தார், மாநகரத்தார் என்னும் மூன்று பதவிகளையும் வகித்துவிட்டோம். சாலை நடுவே படுத்திருக்கும் மாடுகள் மட்டும் பழைய இடத்தை விட்டு நகரவில்லை.

2019-இல் அத்திவரதர் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் குளத்திலிருந்து எழுந்தருளியபோது, சூலை முதல் நாள் தொடங்கி ஆகத்து 17 வரை காஞ்சியைப் பற்றிய செய்திக்குப் பஞ்சமேயில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பாலத்தின் மேல் வேடிக்கை பார்த்த கூட்டமும் சிறிதன்று. தம் ஆறு ஓடுவதை அதிசயமாகப் பார்க்கும் மக்கள் நாம். பாலாறு கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. நம் தறிகளில் ஏறும் பட்டு நூலும் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தே வருகிறது. நூல் தவறாமல் வந்து சேர்கிறது. நீர்தான் வழியிலேயே தங்கிவிடுகிறது.

செய்தித்தாள் இவ்வளவும் சொல்லும். நம் தெருவில் பாவு போடுவது நின்றுபோனதை மட்டும் அது சொன்னதில்லை. எந்த நாளில் நின்றது என்று கேட்டால் நமக்கும் சொல்லத் தெரியாது. நின்ற நாளன்று அதுதான் கடைசிப் பாவு என்று எவரும் அறிந்திருக்கவில்லை.

பட்டுத்தறி காணாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். நீளவாட்டில் செல்லும் இழைத்தொகுதி பாவு. குறுக்கே பாய்வது ஊடை. பெரும்பாலும் ஒரு பாவில் மூன்று சேலைகள் நெய்யலாம். அந்தப் பாவை விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டுவார்கள். கஞ்சி தடவி, ஒட்டிய இழைகளைப் பிரித்து, அறுந்தவற்றை முடிந்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிட வேண்டும். அதுவரை தெரு பாவுக்கு உரியது. பால்காரர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவார். கன்றுக்குட்டியை யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழம் என்று நிறம் நீண்டு கிடக்கும். எங்கள் தெருவின் செய்தித்தாள் அதுதான். யார் வீட்டுப் பாவு, என்ன நிறம், எத்தனை நாளில் கெடு என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். ஆடியில் அரக்கு மிகுந்தால் ஆவணியில் முகூர்த்தம் மிகுதி என்று பாட்டி கணக்குச் சொல்வார்.

கோர்வைச் சேலைக்கு உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். நெய்பவருக்கு அருகே துணைக்கு ஒருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். பத்து வயதில் தந்தையாருக்கு அந்தத் துணை நாம்தான். பள்ளிக்கு முன் இரண்டு மணி நேரம், வந்தபின் இருட்டும் வரை. இதைப் பொற்காலம் போல எழுத மனம் வரவில்லை. அக்கம்பக்கத்துத் தறிகளில் பள்ளிக்கூடமே காணாத சிறுவர் பலர் இருந்தனர். நாம் தப்பியது தந்தையாரின் பிடிவாதத்தால். தேர்வு நாளில் தயங்கி நின்றபோது, “நீ போய்ப் படி. நாடா எங்கயும் ஓடிடாது” என்றார்.

நாம் படித்தோம். முதுகலையில் செவிலியைப் பற்றி ஆய்வேடு எழுதினோம். ஊர்ப்பெயரும் ஒரு தூண்டுதல் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அகப்பாடல்களில் உடன்போன மகளைத் தேடிச் சுரம்வரை நடப்பவள் பெற்ற தாயல்லள், வளர்த்த செவிலி. வழியில் எதிர்ப்படுவோரைக் கேட்கிறாள். பிறந்த இடத்துக்குப் பயன்படாமல் வேறெங்கோ சென்று பயன்படும் பொருள்கள் உண்டென்று அவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அந்த விடையை இருபது ஆண்டுகளாக வகுப்பில் விளக்கி வருகிறோம். பட்டுச் சேலையை உவமையாகச் சேர்த்துச் சொல்வதும் உண்டு, மாணவர் இரசிப்பர்.

நாம் எழுந்த இடத்தில் தம்பி உட்கார்ந்தான். தந்தையாருக்குப் பின் தறி அவனுடையதாயிற்று. துணைக்கு அவன் மனைவி. கைத்தறிக்கென ஒதுக்கிய வகைகளைக் காக்க 1985-இல் சட்டம் வந்தது. காஞ்சிப் பட்டு 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. இரண்டும் வகுப்பில் பெருமையோடு சொல்லத் தக்கவை. தம்பியின் கணக்கு வேறு. ஒரு சேலைக்குக் கணவனும் மனைவியும் உழைக்கும் நாள்களைக் கூலியோடு வகுத்துப் பார்த்தால் கிடைக்கும் எண் அது. 2022-இல் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். செய்தி கேட்டு நாம் சற்று உரத்தே பேசிவிட்டோம். மரபு என்றோம், நானூறு ஆண்டு என்றோம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“நீங்க எழுந்து போனப்ப யாரும் ஒண்ணும் கேக்கலையே, அண்ணா.”

விடை இல்லை. ஆய்வேட்டில் நாம் செவிலியின் பக்கம் நின்று எழுதினோம். சுரம் கடந்து போனவர் பட்டியலில் நம் பெயர்தான் முதலில் இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது.

தறியைப் பிரித்த நாளில் உடனிருந்தோம். மரம் மரவிலைக்குப் போயிற்று. தறிக்குழியை மண்ணிட்டு நிரப்பிச் சிமெந்து பூசினார்கள். அந்தச் சதுரம் மட்டும் சுற்றியுள்ள தரையைவிட வெளுப்பாக இருக்கிறது. அதன்மேல் இப்போது குளிர்சாதனப் பெட்டி நிற்கிறது. தம்பி மனைவி மகிழ்ச்சியாக இருக்கிறார், முதுகுவலி குறைந்திருக்கிறது. இதையும் சொல்லாவிட்டால் கட்டுரை பொய்யாகும்.

இவ்வூரில் சாலைக்கிணறு என்றொரு கிணறு உண்டு. இராமானுசர் வடதிசையிலிருந்து வழிதவறித் திரும்பியபோது வேடனும் வேடுவச்சியுமாய் வந்த பெருமாளும் தாயாரும் துணைவந்தனர் என்பதும், அவர்களுக்குத் தண்ணீர் கொணர்ந்தது இக்கிணற்றில் என்பதும் ஐதிகம். தண்ணீர் கொண்டு திரும்பினால் அவர்களைக் காணோம். இது எந்த ஊர் என்று கேட்டு, காஞ்சிதான் என்றறிந்து திகைக்கிறார். சொந்த ஊரில் நின்றுகொண்டே இது எந்த ஊர் என்று கேட்டது பற்றிச் சிறுவயதில் சிரித்திருக்கிறோம்.

சித்திரா பௌர்ணமிக்கு வரதர் நம் ஊர் வழியாகத்தான் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருள்வார். பின் பாலாற்று மணலில் ஊறல் உற்சவம். சென்ற முறை வீதியில் பல்லக்கு வந்தபோது அதன் பின்னே நிறுவனப் பேருந்து ஒன்று ஊர்ந்து வந்தது. முந்த வழியில்லை, ஓட்டுநர் ஒலிப்பானைத் தொடவுமில்லை. உள்ளிருந்தவர்கள் இறங்கிக் கும்பிட்டுவிட்டு மறுபடி ஏறினார்கள். நீலச் சீருடையில் தம்பியும் இருந்தான். பாவு கிடந்த காலத்தில் வண்டிகள் இப்படித்தான் காத்திருக்கும் என்று அவனிடம் சொல்ல நினைத்தோம். அதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது.

மறுநாள் மாவட்டப் பக்கத்தில் படம் வந்திருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் ஒரு நீலக் கை மட்டும் தெரிந்தது, அவனுடையதாகவும் இருக்கலாம். படத்தின் கீழ் ‘செவிலிமேட்டில்’ என்றிருந்தது. இரண்டு டகரமும் சரியாகவே விழுந்திருந்தன.