ஸ்கேனில் தெரியாத வலி



"தையல்தான் எப்போதோ காய்ந்துவிட்டதே, இன்னும் என்ன வலி?" என்று உங்களிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா? என்னிடம் கேட்டார்கள். மாமி கேட்டார், மதினி கேட்டார், ஒரு டொக்டரும் கேட்டார். கடைசியில் நானே என்னைக் கேட்கத் தொடங்கிவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2009ஆம் ஆண்டு எனது கர்ப்பப்பையிலிருந்த கட்டியொன்றை வயிற்றைத் திறந்து அகற்றினார்கள். 'ஃபைப்ரோயிட்' என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். புற்றுநோயல்ல, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கு அப்போது 31 வயது, மகளுக்கு 4. இரண்டு மாதத்தில் பழையபடி சமையலறைக்கு வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நோன்பு இரவு. கஞ்சியும் சம்சாவும் போதாதென்று, பிலாக்காய்க் கறியோடு வயிறு நிறையச் சோறும் சாப்பிட்டிருந்தேன். நடுச்சாமத்தில் தொப்புளைச் சுற்றி முறுக்கத் தொடங்கியது. பிரசவ வலி போலவே வரும், விடும், மீண்டும் வரும். மாமி ஓமத் தண்ணீர் தந்தார். அது பச்சை நிறமாக வெளியே வந்தது. விடியும்போது வயிறு ஐந்து மாதக் கர்ப்பிணியுடையதைப் போல் உப்பியிருந்தது. மலமும் இல்லை, காற்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் வாயால் ஒரு சொட்டுத் தண்ணீரும் தரவில்லை. மூக்கால் குழாய், கையில் சேலைன். மூன்றாம் நாள் காற்றுப் பிரிந்தது. வார்டில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். அதற்காக அழுது அழுது 'அல்ஹம்துலில்லாஹ்' சொன்னவள் நான்.

அந்த மூன்று நாட்களைவிடப் பின்னர் வந்த மாதங்கள்தான் கொடியவை. கிழமைக்கு இரண்டு தடவை வலி. கண்டி வீதியின் வளைவுகளில் பஸ் திரும்பும்போது உள்ளே யாரோ கயிறு கட்டி இழுப்பதைப் போலிருக்கும். ஸ்கேன் எடுத்தால், "ஒன்றுமில்லை." இரத்தம் சோதித்தால், "ஒன்றுமில்லை." மனதை அமைதியாக வைத்திருங்கள் என்று ஒரு டொக்டர் நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். வேலைக் கள்ளம் என்ற பேச்சு சுவருக்கு அப்பாலிருந்து என் காதில் விழுந்தது. என் கணவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மறுத்தும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

2012இல் வேறொரு டொக்டர், சிறு துளையால் கமெரா விட்டுப் பார்த்தார். குடலின் ஒரு பகுதி வயிற்றின் முன்சுவரோடு ஒட்டியிருந்தது. இன்னொரு வளைவு கர்ப்பப்பையில் கட்டி எடுத்த தழும்போடு ஒட்டியிருந்தது. வலப்பக்கக் கருக்குழாயைச் சிலந்திவலை போன்ற நார்கள் சுற்றியிருந்தன. இரண்டாவது பிள்ளை ஏன் தங்கவில்லை என்பதற்கும் அன்றுதான் ஒரு காரணம் கிடைத்தது.

உழ்ஹிய்யா நாட்களில் குடல் கழுவியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உள்ளுறுப்புகள் எல்லாவற்றின் மேலும் மெல்லிய, வழுவழுப்பான சவ்வு ஒன்று இருக்கிறது. அதனால்தான் குடல் ஒன்றோடொன்று சிக்காமல் வழுக்கிக்கொண்டு அசைகிறது. கத்தி படும்போதும், இரத்தம் கசியும்போதும், கிருமி தொற்றும்போதும் அந்தச் சவ்வு புண்ணாகிறது. புண்ணை மூட உடம்பு பசை போன்ற ஒன்றைச் சுரக்கிறது. அது சில நாட்களில் கரைய வேண்டும். கரையாவிட்டால் தழும்பாகி, பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்கிறது. இதைத்தான் 'அட்ஹீஷன்' என்கிறார்கள். வயிற்றைத் திறந்து ஒப்பரேஷன் செய்துகொண்ட பெரும்பாலானவர்களுக்கு ஓரளவு இது உண்டாகிறது. பலருக்கு ஒரு தொந்தரவும் இருப்பதில்லை. முன்னர் கையுறைகளில் பூசப்பட்ட மாவும்கூட இதற்கு ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. 2017இல் அமெரிக்கா அத்தகைய கையுறைகளைத் தடைசெய்தது. ஸ்கேனில் இந்த நார்கள் பெரும்பாலும் தெரிவதில்லை. தெரியாதது இல்லை என்றாகிவிடுமா?

டொக்டர் அவற்றை வெட்டி விடுவித்தார். ஒன்றரை வருடம் நிம்மதியாக இருந்தேன். பின்னர் அதே முறுக்கு.

"இன்னொரு தடவை வெட்டலாம். ஆனால் வெட்டிய இடத்திலேயே மீண்டும் ஒட்டலாம்" என்றார் அவர், ஒளிக்காமல். ஸ்கொட்லாந்தில் 1986இல் வயிறு திறந்து ஒப்பரேஷன் செய்யப்பட்டவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்து, 1999இல் வெளியிட்ட ஆய்வொன்று இருக்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர், ஒட்டுகையோடு தொடர்பிருக்கக்கூடிய காரணத்துக்காகவோ மறு ஒப்பரேஷனுக்காகவோ சராசரி இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருக்கிறார்கள். நான் தனியாள் இல்லை என்று அறிந்ததே எனக்குப் பாதி மருந்து. குடல் முற்றாக அடைபட்டாலன்றி மூன்றாவது கத்தி வேண்டாம் என்று கணவரும் நானும் முடிவுசெய்தோம். அன்று அவர் டொக்டர் முன்னால், "இவள் சொன்னதை நான் முதலிலேயே நம்பியிருக்க வேண்டும்" என்றார்.

இப்போது சிறிது சிறிதாக ஐந்து ஆறு தடவை சாப்பிடுகிறேன். பிலாக்காய், முருங்கைக்காய்ச் சக்கை, தோடம்பழத்தின் வெள்ளைத் தோல் எதுவும் இல்லை. நன்றாக மென்று விழுங்குகிறேன். சுஜூதில் குனியும்போது இழுக்கும் நாட்களில் கதிரையில் அமர்ந்து தொழுகிறேன். நோன்பு பிடிக்க வேண்டாமென்று டொக்டர் சொன்னபோது நான் அழுதேன். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்க ஏன் வெட்கப்படுகிறாய் என்று உம்மா கேட்டார். இப்போது ஃபித்யா கொடுக்கிறேன். டயக்னோசிஸ் காட்டை உறையிட்டு எப்போதும் கைப்பையில் வைத்திருக்கிறேன். நடுச்சாமத்தில் புதிய டொக்டர் ஒருவரிடம் கதை முழுவதையும் சொல்ல எங்கே முடிகிறது?

உங்களில் யாருக்காவது, சீசர் ஆனாலும் சரி, கர்ப்பப்பை எடுத்தது ஆனாலும் சரி, வயிற்றில் பழைய தழும்பு ஒன்று இருந்து, விட்டு விட்டு முறுக்கும் வலியோடு வாந்தியும் வந்து, வயிறு உப்பி, மலமும் காற்றும் நின்றுவிட்டால், ஓமத் தண்ணீரோ பேதி மருந்தோ கொடுத்துப் பார்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுணங்கினால் அடைபட்ட குடலுக்கு இரத்தம் போகாமல் அது அழுகிவிடலாம்.

போன மாதம் ஒரு கலியாணத்தில் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அன்று என் வயிறு சற்று உப்பித்தான் இருந்தது. எதிரே இருந்த ஒரு மாமி குனிந்து, "எத்தின மாசம் புள்ள?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மாமி, தான் பிய்த்துப் பிய்த்து மெதுவாக்கிய இறைச்சித் துண்டுகளை என் பக்கம் தள்ளியபடி சொன்னார்: "அது ஒப்பரேஷன் பண்ணின வகுறு. உள்ளுக்கு ஒட்டி ஈக்கி. நீங்க சோத்தத் தின்னுங்க."